அட்டன் வெயிலைப் படித்த நிரல்

நான் எழுதிய கணினி நிரல் ஒன்று இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நின்றுவிட்டேன். தலை முழுதாக நரைக்கும் முன்பே ஓய்வு வந்தது. நான் வேலை செய்த பரிசோதனைக் கூடத்தை மூடினார்கள், கருவிகளைப் பெட்டிகளில் அடைத்தார்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிரலை மட்டும் கண்டியிலுள்ள வேறோர் ஆய்வகம் எடுத்துக்கொண்டது. போன மாதம் அங்கிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். என் பழைய நிரலைப் புதிய மொழிக்கு மாற்றுவது இப்போது அவளுடைய வேலையாம்.

"சேர், ரெண்டு விடையும் கிட்டக் கிட்ட வந்தா உங்கட புரோகிராம் ஒரு விடையும் தராம நிக்குது. 'வெயிலில் வைத்துப் பார்' எண்டு மட்டும் எழுதிக் காட்டுது. பகிடிக்கு எழுதினதோ?"

"பகிடி இல்லம்மா" என்றேன். அதற்கு மேல் விளக்கத் தெரியாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. பேசத் தடுமாறுகிறவன் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அக்கரப்பத்தனையில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான ஒரு லயம், தோட்டப் பள்ளிக்கூடம், கண்டியில் பௌதிகவியல், போர்ட்ரான் என்ற கணினி மொழி, பிறகு வேலையில்லாமல் கிடந்த காலம். என் படிப்பின் கதை இவ்வளவுதான். தொண்ணூறுகளின் நடுவில் அட்டன் நகரில், இரும்புச் சாமான் கடையொன்றின் மேல்மாடியில், கல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து இரத்தினக்கல் பரிசோதனைக் கூடம் ஒன்றைத் திறந்தார்கள். ஒளியைப் பிரித்து அளக்கும் ஒரு நிறமாலைமானி, ஒரு கணினி. கணினிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

பொறுப்பாளர் டொக்டர் நமசிவாயம். யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படிகங்களான பளிங்குகளைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவர். ஊரில் வீடு இருந்தது. வீட்டுக்குப் போகிற பாதை இல்லை. பாதையை யுத்தம் தின்றிருந்தது. ஆகவே மலைக்கு வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் சுற்றி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார்.

"இஞ்ச சூரியனும் லீவில நிக்குது, காணும்" என்பார். அவர் சொன்ன நகைச்சுவைகளில் எனக்கு ஞாபகம் இருப்பது அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் அவர் முகம் கணக்குப் போடும் முகம்.

பளிங்கு என்றால் ஒழுங்கு. எங்களிடம் வரும் கற்களில் அலுமினியமும் ஒட்சிசனும் தேயிலை நிரைகளைப் போல மலை மலையாக வரிசையில் நிற்கும். குறையே இல்லாத பளிங்குக்கு நிறமே கிடையாது. உறைந்த தண்ணீர்போலக் கிடக்கும். நிரையில் எங்கோ ஓரிடத்தில் அலுமினியம் நிற்க வேண்டிய இடத்தில் மக்னீசியம் வந்து நிற்கும். பக்கத்தில் ஓர் இலத்திரன் இல்லாமல் போகும். அந்த இல்லாமை நீல ஒளியை விழுங்கும். விழுங்கியது போக மிச்சம் மஞ்சளாக நம் கண்ணுக்கு வரும். புஷ்பராகம் என்று ஊர் கைகூப்புவது அந்த இல்லாமையைத்தான்.

அந்தக் குறை எந்த ஒளியை எவ்வளவு விழுங்கும் என்று கணக்கிடுவதே என் நிரலின் வேலை. அணுக்கள் ஆடாமல் நின்றால் விழுங்கும் ஒளி ஒற்றைக் கோடாக இருக்கும். அவை ஆடாமல் நிற்பதில்லை. எந்தக் கல்லுக்குள்ளும் எந்நேரமும் ஒரு நடுக்கம் உண்டு. நடுக்கத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் கோடு அகன்று, சரிந்து, ஒரு குன்றாகும். திரையில் அந்தக் குன்று கோடு கோடாக எழுவதைப் பார்ப்பேன். வெளியே மலை மூட்டத்தில் மறைந்திருக்கும். உள்ளே கண்ணாடித் திரையில் ஒரு மலை பிறக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே பல வருஷம் அந்தப் படியேறினேன்.

மஞ்சளில் இரண்டு வகை உண்டு. ஒன்று நிலைத்த மஞ்சள். பேரப்பிள்ளை காலம்வரை அப்படியே இருக்கும். மற்றது வெயில் பட்டால் வெளுக்கும் மஞ்சள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிறமாலைமானியிலும் ஏறக்குறைய ஒரே குன்றுதான். எது எது என்று அறிய உலகம் முழுக்க ஒரே வழி: கல்லின் ஒரு பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, மறு பாதியை வெயிலில் காட்டி, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.

அட்டனில் வெயிலுக்கு எங்கே போவது? வைகாசியில் தொடங்கும் மழை புரட்டாதிவரை விடாது. மற்ற மாதங்களில் காலையில் எட்டிப் பார்க்கிற வெயில், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன்பே மூட்டத்துக்குள் போய்விடும். அதனால்தான் நமசிவாயம் ஐயா அந்த நிரலைக் கேட்டார். குன்றின் சரிவில் இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தை வைத்து, குறை ஆழமானதா மேலோட்டமானதா என்று கணக்கிட்டு, வெயில் செய்யப் போவதை வெயில் இல்லாமலே சொல்ல வேண்டும். வெயிலுக்குப் பதிலாக ஒரு நிரல். நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்த கையோடு வேறொன்றும் வருகிறது.

எங்கள் வேலைமுறை இதுதான். கல்லை மதுசாரத்தில் கழுவி, மெழுகில் பதித்து, கருவிக்குள் வைப்போம். வில்லைகளில் ஈரம் படியும் என்பதால் கருவியின் பெட்டிக்குள் ஒரு சின்ன மின்குமிழ் எந்நேரமும் எரியும். அளந்ததைக் கணினிக்குக் கொடுத்தால், மின்வெட்டு வராதிருந்தால், பொழுது சாய்வதற்குள் விடை வரும். விடையை உடனே பார்க்க ஐயா விடமாட்டார். திரையின் மேல் தன் மப்ளரைப் போட்டு மூடுவார்.

"முதல்ல சொல்லும். என்ன வரும் எண்டு நினைக்கிறீர்?"

"நிலைக்கும்னு நினைக்கிறேன் ஐயா."

"நினைக்கிறீரோ, விரும்புறீரோ?"

இதற்குப் பதில் சொன்ன பிறகுதான் மப்ளர் விலகும். விலகிய பிறகும் "முடிவு" என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "கணக்கு இப்பிடிச் சொல்லுது" என்பார். அவ்வளவுதான்.

ஓர் ஆடி மாதம். கூடத்துப் படியில் ரப்பர் செருப்புகளைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு புருஷனும் பெண்சாதியும் உள்ளே வந்தார்கள். சந்தனம், பார்வதி. மஸ்கெலியாவிலுள்ள ஒரு தோட்டத்தில் அவர் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அந்த அம்மா கொழுந்து எடுக்கிறவர். வேலை குறைந்த நாட்களில் ஓயா ஆற்றங்கரையில் அனுமதி பெற்ற மாணிக்கக் குழியொன்றில் சந்தனம் இறங்கியிருக்கிறார். கூட்டாளிகள் சேர்ந்து பங்கு பிரித்தபோது அவர் பங்குக்கு இந்தக் கல் வந்தது. பார்வதி இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். பைக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் அது.

அப்படியொரு மஞ்சளை நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பின்பும் பார்க்கவில்லை.

"சார், இந்தக் கலரு நெலைக்குமான்னு ஒரு தாளு வேணுமாம். கொழும்பு முதலாளி கேக்குறாரு. நீங்க எழுதிக் குடுத்தா எடுத்துக்குவாராம்" என்றார் சந்தனம்.

"தாளு நெலைக்குமான்னு அவர்ட்ட கேட்டீங்களா?" என்றார் பார்வதி, புருஷனைப் பார்த்து.

"சும்மா இரு புள்ள. ஆபீஸ்ல வந்து வாயடிக்காத."

"லயத்துலதான் வாயத் தொறக்க முடியல. எட்டு வீட்டுக்கும் கேக்கும். இங்கயாவது பேசுறேன்."

நான் சிரித்துவிட்டேன். நான் அக்கரப்பத்தனைக்காரன் என்று தெரிந்ததும் சந்தனம் "சார்" என்பதை விட்டுத் "தம்பி"க்கு வந்தார். கல்லை விற்று என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அவராகவே சொன்னார். கினிகத்தேனையில், பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் இறங்கினால் ஒரு துண்டு நிலம். சிங்களப் பெரியவர் ஒருவருடையது. நல்ல மனிதர். கண்டிப் பெரஹராத் திருவிழா முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"எங்க தாத்தா லயத்துல செத்தாரு, அப்பா லயத்துல செத்தாரு. வீட்ட விட்டுப் போன்னு சொன்னா போக வேண்டியதுதான், எங்க வீடா அது? எங்களுக்கு ஒரு கடுதாசி வந்தாக்கூட தோட்டத்து தொர ஆபீசுக்குப் போயிட்டுத்தான் வருது தம்பி. எம் பேரப் போட்டு, என் வாசலுக்கு ஒரு கடுதாசி நேரா வரணும். அம்புட்டுத்தான்."

"யாரு போடுவா ஒங்களுக்குக் கடுதாசி?" என்றார் பார்வதி.

"நானே போட்டுக்குவேன்."

கல்லை வாங்கி வைத்துக்கொண்டோம். அளந்தேன். திருப்பி வைத்து அளந்தேன். கணினி ஓடியது. ஐயா கேட்ட கேள்விக்கு அன்று நான் நேராகவே பதில் சொன்னேன்: "விரும்புறேன் ஐயா." அவர் மப்ளரை எடுத்தார்.

நிலைக்கும் என்றது கணக்கு. சந்தேகமே இல்லாமல் நிலைக்கும். அளந்த குன்றின் மேல் கணக்கிட்ட குன்று கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். ஐயா எழவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து என் முன் வைத்தார். அதில் ஒரு வெளிறிய கல். அந்த வாரம்தான் கரையோர ஊர்க் கடையொன்றிலிருந்து திரும்பி வந்ததாம். முந்திய வருஷம் எங்கள் கூடம் நிலைக்கும் என்று எழுதிக் கொடுத்த கல். கடையின் கண்ணாடி அலுமாரியில் கொஞ்சக் காலம் வெயில் பட்டிருக்கிறது.

"எப்பிடி ஐயா? நிரல்ல பிழையா?"

"நிரல்ல பிழையில்லை. அதுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க முதல்ல கொஞ்சக் கல்லை வெயில்ல வைச்சுப் பாத்தம் எல்லே? எங்க வைச்சம்?"

ஜன்னலைப் பார்த்தேன். மழைச் சாரல் பயத்திலும், குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயத்திலும் அந்தக் கற்களைக் கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளேதான் வைத்தோம். மலைநாட்டில் எல்லோரும் செய்வது அதுதான். வடகமோ துணியோ எதைக் காயப்போட்டாலும் கண்ணாடிக்குப் பின்னால்தான். நிறத்தை வெளுக்கும் கதிரில் பாதியைக் கண்ணாடி தடுத்தது. மூட்டம் மீதியைத் தடுத்தது. வெளுக்க வேண்டிய கற்களும் வெளுக்காமல் நின்று, "நிலைத்தவை" என்று பெயர் வாங்கின. அவற்றை வைத்துத்தான் நிரல் கற்றது.

"வெயில் எண்டா என்னெண்டு உம்மட நிரலுக்குத் தெரியாது. அது அட்டன் வெயிலைத்தான் படிச்சிருக்குது" என்றார் ஐயா. பிறகு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடியே, "வெயிலைத் தெரிஞ்ச நானும் இந்தக் குளிருக்குள்ள இருந்து அதை மறந்துபோனன்" என்றார். அவர் வேறு ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சந்தனமும் பார்வதியும் மறுபடி வந்தபோது ஐயா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

"கணக்கு நிலைக்கும் எண்டு சொல்லுது..."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. ஐயா கையை உயர்த்தினார். மீதியைச் சொன்னார். ஜன்னல், கண்ணாடி, திரும்பி வந்த கல்.

"இந்தக் கணக்கை நம்பித் தாள் எழுத எனக்கு மனமில்லை. உண்மையான வெயிலில ஒரு தரம் வைச்சுப் பாக்கவேணும்."

"பெரஹராவுக்குள்ள எங்கங்கய்யா வெயிலு? மழையத்தான் பாக்குறீங்களே" என்றார் சந்தனம். அவருடைய குரலில் முதல்முறையாக ஒரு சூடு. "முதலாளி தாளு போதும்ங்கிறாரு. கணக்கு நல்லதுங்குது. நீங்க மட்டும் ஏங்கய்யா?"

வெயில் இருக்கும் இடத்தை நான்தான் சொன்னேன், தேயிலை மலையில் பிறந்தவன் என்பதால். பட்டிப்பொலை தாண்டி மலையுச்சியில் ரயில் போகிற ஒரு சுரங்கம். அட்டன் பக்கம் மழை கொட்டுகிற ஆடியில் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் ஊவா மலைகள் காய்ந்து கிடக்கும். ஒரே கோச்சி, நனைந்தபடி உள்ளே போய், வெயிலில் வெளியே வரும்.

"நீங்களும் வாங்க. கல்லு ஒங்க கையிலயே இருக்கட்டும்" என்றேன்.

சந்தனம் பெண்சாதியைப் பார்த்தார். அவர் சுருக்குப்பையின் வாயை இறுக்கிக் கட்டிப் புருஷனிடம் கொடுத்தார். "எனக்கு லீவு குடுக்கமாட்டாங்க. நீங்க போயிட்டு வாங்க. அட்டன் ஸ்டேசன்ல வந்து நிக்கிறேன்."

நானும் சந்தனமும் காலைக் கோச்சியில் ஏறினோம். நானுஓயாவில் மழை. பட்டிப்பொலையில் மழையோடு மூட்டமும். பெட்டிக்குள் எல்லோரும் ஜன்னலை இறக்கியிருந்தார்கள். சுரங்கத்துக்குள் இருள், புகை, சக்கரத்தின் ஓலம். சந்தனத்தின் கை மடியிலிருந்த பையின் மேல் இருந்தது. பிறகு வெளிச்சம் அறைந்தது. சுத்தமான, ஈவிரக்கமில்லாத நீல வானம். புல்லெல்லாம் பழுப்பு. காற்று. யாரோ ஒரு பிள்ளை "அம்மா, வெயிலு!" என்று கத்தியது. பெட்டியே சிரித்தது.

அப்புத்தளையில் இறங்கினோம். மேடையின் முடிவில், கூரை இல்லாத இடத்தில் ஒரு கட்டைச் சுவர். கண்ணாடித் தட்டில் கல்லை வைத்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடினேன். காற்று தாளைத் தூக்கியது. சந்தனம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கூடையோடு வந்த வடைக்காரப் பெண் நின்று பார்த்தாள்.

"என்னண்ணே, கல்லுக்குக் காய்ச்சலா? வெயில்ல வச்சிருக்கீங்க?"

"ஆமா தங்கச்சி, மலையேறி வந்ததுல குளிரு புடிச்சிருச்சு" என்றார் சந்தனம். வடை வாங்கினார். எனக்கும் ஒன்று தந்தார். விரலை மட்டும் எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. நான் வெள்ளை அட்டையைக் கல்லின் அருகே பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தேன். ஒன்றுமில்லை போலத்தான் இருந்தது. கண் விரும்பியதைக் காணும். அதனால் சந்தனத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளிலிருந்து விரலை எடுத்தார். காற்று தாளைக் கொண்டுபோனது. அதைப் பிடிக்க நாங்கள் இருவரும் அசையவில்லை.

மூடியிருந்த பாதி மஞ்சள். வெயில் பட்ட பாதியில் மஞ்சளின் ஞாபகம் மட்டும். இரண்டுக்கும் நடுவில் எல்லை இல்லை. கரைந்துகொண்டே போகிற ஒரு மங்கல். மூடி இல்லாமல் போன மறு பாதியையும் வெயில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. "உள்ள எடுத்து வைங்கண்ணே" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. முழுசாப் போகட்டும். பாத்துட்டே போவோம்."

பார்த்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் அது குறையே இல்லாத பளிங்குபோல ஆனது. தண்ணீர்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரஹரா முடிந்தது. நிலத்தைக் கினிகத்தேனைக் கடைக்காரர் ஒருவர் வாங்கினார். அதில் இப்போது மாடிவீடு நிற்கிறது. பஸ்ஸில் அந்த இடத்தைக் கடக்கும்போது நான் மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன். சந்தனம் சில வருஷம் கழித்து அதே லயத்தில் இறந்தார். பார்வதி அம்மா மகளோடு கொழும்புப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. ஐயா எங்கள் பழைய பாடக் கற்களை எல்லாம் ஊவாவுக்கு அனுப்பி மறுபடி வெயிலில் வைக்கச் செய்தார். நான் நிரலை மாற்றி எழுதினேன். அப்போதும் இரண்டு குன்றுகளும் பிரிக்க முடியாமல் நெருங்கி வந்த இடங்கள் இருந்தன. அங்கே என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "தெரியாதெண்டா தெரியாதெண்டு சொல்லப் பழக்கும். வெயிலுக்கு அனுப்பும்" என்றார். கண்டியிலிருந்து அழைத்த தங்கையே, நீ கேட்ட வரி அங்கே பிறந்தது. அதை அழிப்பதும் வைத்திருப்பதும் உன் விருப்பம். ஐயா கொழும்பில் ஒரு வாடகை அறையில் காலமானார். அதற்கு முன், பாதை திறந்த காலத்தில் ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார். வெயில் எப்படி என்று கேட்டேன். "அது அப்பிடியே இருக்குது" என்றார். வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

அன்று அப்புத்தளையிலிருந்து திரும்பி வந்த கோச்சியில் சந்தனம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்:

"ஒங்க ஆபீஸ்ல ஒரு ஊதா லைட்டு இருக்கே. அதுல வச்சா கலரு திரும்பி வரும்னு ஐயா பேச்சுவாக்குல சொன்னாரே, நெசமா?"

"நெசந்தான்."

"எம்புட்டு நாளைக்கு?"

"மறுபடி வெயில் படுற வரைக்கும்."

அவர் சிரித்தார். "அப்ப நம்ம ஊர்லயே இருந்தா சாகிற வரைக்கும் இருக்கும்."

நான் சிரிக்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அந்த விளக்கைப் போட்டுக் கொடுத்திருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை.

"வேணாம் தம்பி. யாரோ ஒரு பொம்பளப்புள்ள அத மோதரமாப் போட்டுக்கிட்டு வெயில்ல நடக்கும்" என்றார்.

சுரங்கம் வந்தது. எங்களை விழுங்கி மழைக்குள் துப்பியது.

அட்டனில் விளக்கு வைக்கும் நேரம். மேடையில் ஒரு கறுப்புக் குடை. வேலை முடிந்து கொழுந்துக் கறை போகாத கையோடு நேராக வந்திருந்தார் பார்வதி. எங்களைக் கண்டதும் மழையைப் பார்க்காமல் ஓடி வந்தார். குடையைப் புருஷன் தலைக்கு மேல் பிடித்தார்.

"என்னங்க, அங்க வெயில் அடிச்சுதா?"

சந்தனம் அவர் கையிலிருந்து குடையை வாங்கி, அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

"அடிச்சுது புள்ள" என்றார். "நல்லா அடிச்சுது."